வேண்டியவர்

பேனா நின்றுவிட்டது. மை தீரவில்லை. பார்க்க வந்தவர் பெயர் அம்மாசி, வயது அறுபத்தெட்டு, ஊர் துறையூர், உள்ளே இருப்பவர் பெயர் இளவழகன், பக்கத்திலேயே கைதி நம்பர், இதுவரைக்கும் ஓடிய பேனாதான். அடுத்த கட்டத்தில் உறவுமுறை என்று அச்சடித்து மூன்று விரற்கடை இடம் விட்டிருக்கிறார்கள். அங்கே வந்து, ஏற ஆளில்லாத ஸ்டாப்பிங்கில் பிரேக் போட்ட மாதிரி நிற்கிறது. மூன்று வருஷமாக அந்த இடத்தில் மாமனார் என்று எழுதி வந்தார் அம்மாசி. யோசித்து எழுதியதில்லை. மாப்பிள்ளை உள்ளே, மாமனார் வெளியே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது. முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் அது முடிந்துபோனது. மாப்பிள்ளையைப் போலீஸ் வண்டியில் கூட்டி வந்து நிறுத்தினார்களாம். சம்மதமா என்றதும் சம்மதம் என்றாராம். மகள் பூங்கோதையும் சம்மதம் என்றாளாம். கல்யாணம் ரத்து. அம்மாசி போகவில்லை, முழங்கால் வலி என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டார். ரத்து என்றால் என்னவென்று அவருக்கு யாரும் விளக்க வேண்டாம். முப்பத்தொரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். ஒரு நடை ரத்து என்று ஏட்டில் எழுதிவிட்டால் அந்த நடை கிடையாது, அப்புறம் அதைப் பற்றிப் பேச்சில்லை. போகாத பஸ்ஸைப் போனதாக அவர் எழுதியதே இல்லை. ஐந்து நாற்பதுக்கு எடுக்க வேண்டிய வண்டி ஐந்து நாற்பத்திரண்டுக்கு எடுத்தால் ஐந்து நாற்பத்திரண்டு என்றுதான் எழுதுவார், டிரைவர் காலில் விழுந்தாலும் அந்த இரண்டு நிமிஷம் ஏட்டில் அப்படியே இருக்கும். அந்தக் கை இப்போது மாமனார் என்று எப்படி எழுதும். எழுதலாம். யார் பார்க்கப்போகிறார்கள். அதுதான் எரிச்சல். யாருமே பார்க்கப்போவதில்லை, அவரைத் தவிர.

பின்னால் நின்ற ஜைத்தூன் எட்டிப் பார்த்தாள். தம்பியைப் பார்க்க வருகிறவள், நான்கு வருஷமாக வருகிறாள், ஜெயில் சட்டமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. யார் எதை உள்ளே கொண்டுபோகலாம், எந்தப் பழத்தை நறுக்கிப் பார்ப்பார்கள், எந்த போலீஸ் சிரிப்பார், எந்த போலீஸ் சிரிக்க மாட்டார், எல்லாம். வெயில் ஏறுவதற்குள் உள்ளே போய்விட வேண்டும் என்று அம்மாசி வரிசையில் காலை மாற்றி மாற்றி நிற்பதைப் பார்த்துவிட்டு, பஸ்ஸு போயிரும்னு நிக்கிறீங்களாண்ணே, உள்ள இருக்கிறவன் எங்கயும் போயிர மாட்டான் என்று ஒருநாள் சொன்னாள். அன்றைக்கு அவருக்குக் கோபம் வந்தது. அப்புறம் பஸ்ஸில் போகும்போது தனியாகச் சிரித்தார். இப்போது அவள் தன் மனுவை மடித்து வைத்துக்கொண்டாள். மனு. இங்கே ஆளைப் பார்ப்பதற்கே அதுதான் பேர். மனு போட்டாச்சா, மனு வந்திருக்கு, எனக்கு மனு இல்லை, உள்ளேயும் வெளியேயும் அப்படித்தான் பேசுகிறார்கள். தாளுக்குப் பேர் மனு என்றால் புரிகிறது, ஆளுக்கே பேர் மனு என்றால் என்ன செய்வது. அம்மாசி ஆயுசில் யாரிடமும் மனுக் கொடுத்ததில்லை. மாறுதல் கேட்டுக் கொடுத்ததில்லை, ரேஷன் கார்டில் பெயர் தப்பாக இருந்தபோதுகூடக் கொடுக்கவில்லை, அம்மாவாசை என்று வந்திருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். இந்த வாசலில் அறுபது எழுபது மனுக் கொடுத்தாகிவிட்டது. ஜைத்தூன்தான் ஒருநாள் சொன்னாள், மனு நாளில் உள்ளே ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்களாம். யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தவர்கள்கூட அன்றைக்குக் குளித்து, தலை சீவிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்களாம். அவள் தம்பி சொல்லியிருக்கிறான். ஏன் சீவுகிறார்கள் என்று அம்மாசி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்காததால் அது உள்ளேயே இருக்கிறது, தண்ணீர் தொட்டு ஒழுங்காகச் சீவிய ஒரு தலை, வாசல் பக்கம் திரும்பிய ஒரு காது.

இன்றைக்குக் கடைசி. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார். இனிமேல் வரமாட்டேன் என்று நேரில் சொல்லிவிட்டு வருவது, அவ்வளவுதான் வேலை, பதினைந்து நிமிஷம் கொடுக்கிறார்கள், இதற்கு ஒரு நிமிஷம் போதும். போன ஞாயிற்றுக்கிழமை நாமக்கல்காரர்கள் பெண் பார்க்க வந்தார்கள். கூட்டுறவு பேங்கில் வேலை, மனைவி தவறி நான்கு வருஷம், நிதானமான ஆள், பேசும்போது முகத்தைப் பார்த்துப் பேசினார். கூட வந்த அக்காக்காரிதான் அடுப்படியில் வைத்து அஞ்சலையிடம் சொன்னாளாம், எங்களுக்கு ஒண்ணுமில்லீங்க, பழைய சம்பந்தம் சுத்தமா அத்துப்போயிருக்கணும், இந்த வீட்டுலேர்ந்து யாரும் ஜெயிலுக்குப் போக வர இருக்கக் கூடாது, நாளைக்கு எங்க தெருவுல ஒரு பேச்சு வரக் கூடாது பாருங்க. அஞ்சலை அதை ஒரு சொல் குறையாமல் கொண்டுவந்து போட்டாள். நாற்பது வருஷம் குடும்பம் நடத்தினவள், எதை எப்போது சொன்னால் இந்த மனுஷன் கத்தமாட்டார் என்று தெரியும், சாப்பிட்டுக் கை கழுவி ஈரம் துடைக்கிறபோது சொன்னாள். பூங்கோதை கதவோரம் நின்றிருந்தாள். ஒரு தடவை போயிச் சொல்லிட்டு வந்துருங்கப்பா, சொல்லாமக் கொள்ளாம நிறுத்த வேணாம் என்றாள். அம்மாசி ம் என்றார். அந்த வீட்டில் அவருடைய ம் பத்திரத்தில் வைத்த கைநாட்டு. அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள், அவரும் மாற்ற மாட்டார். அவள் மேல் என்ன தப்பு. இருபத்தொன்பது வயசு. கல்யாணமாகி இரண்டு வருஷம் வாழ்ந்தாள், மூன்று வருஷம் காத்திருந்தாள், முதல் வருஷம் மாதம் இரண்டு மனுவுக்கும் கூடவே வந்தாள், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அழுதாள், அப்புறம் அழாமல் நின்றாள், அப்புறம் வரவில்லை. இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது. போய் வாழட்டும். அதில் அவருக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. ஆனாலும் காலையில் பையை எடுத்தபோது கனமாக இருந்தது, திறந்து பார்த்தால் ரஸ்க் பாக்கெட் இரண்டு, ஏலக்காய் போட்டது, மாப்பிள்ளைக்குப் பிடித்தது. நான் வைக்கலை என்றாள் அஞ்சலை. அம்மாசி ஜிப்பை இழுத்து மூடினார். இந்தப் பெண்களுக்கு வாயால் ஒன்று, கையால் ஒன்று.

மாப்பிள்ளை என்று இனி சொல்லக் கூடாது. வேறு என்ன சொல்வது. பெயர் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லை. மாமனார் மாப்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் அவர்கள் பக்கம் கிடையாது, வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை, சாப்டீங்களா மாப்பிள்ளை, இந்த மூன்றிலேயே ஐந்து வருஷம் ஓடிவிட்டது. வயசில் பாதி. குட்டியானை வண்டி ஓட்டுகிற பிள்ளை, சந்தைக்கு வெங்காயம் ஏற்றிப் போகிறவர், சட்டைக் காலரில் எப்போதும் சருகு ஒட்டியிருக்கும். எதிரே வந்தால் அம்மாசி வேட்டி மடிப்பை இறக்கிவிட்டுக்கொள்வார். மரியாதை. அந்த மரியாதைதான் கண் ஆபரேஷனில் பாடாய்ப் படுத்தியது. புரை எடுத்து, பச்சைத் துணி கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள், தினம் ஆறு தடவை சொட்டு மருந்து. அஞ்சலைக்குக் கை நடுங்கும், பூங்கோதைக்குக் கண்ணைப் பார்த்தாலே பயம். நான் போடுறேன் மாமா என்று மாப்பிள்ளை வந்து நின்றார். சாய்ந்து படுத்து, மாப்பிள்ளை முன்னால் வாயைப் பிளந்துகொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி. இடது கையால் தாடையைப் பிடித்துக்கொள்வார், வலது கையால் சொட்டு. கை வெங்காய வாடை. மேலே பாருங்க மாமா, மேலே, சிமிட்டாதீங்க, சிமிட்டிட்டீங்க, பரவால்ல, இன்னொண்ணு. அம்மாசி பொறுமையில்லாதவர், கண்ணை இறுக்கிக்கொள்வார், மாப்பிள்ளை சிரிப்பார். காலை எட்டு, பத்தரை, ஒன்று, மூன்றரை, ஆறு, எட்டரை. சந்தையிலிருந்து, லோடு இறக்குகிற இடத்திலிருந்து, எங்கே இருந்தாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார். அம்மாசி மூடின கண்ணோடு வண்டிச் சத்தத்தைக் கேட்டு, அஞ்சலை மணி என்ன என்பார். மூன்றரை என்பாள். சரியாக மூன்றரை. முப்பத்தைந்து நாள், ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லை. முப்பத்தொரு வருஷ சர்வீசில் அப்படி ஓடிய வண்டி ஒன்றுகூடக் கிடையாது. அதை மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. சொல்லவில்லை. கட்டுப் பிரித்த அன்றைக்கு, தெரியுதா மாமா என்று குனிந்து கேட்டபோது, தெரியுது என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்தக் கைதான் தள்ளிவிட்டது. திருவிழாக் கூட்டத்தில் வண்டியை நிறுத்துகிற தகராறு, ஒருத்தன் சட்டையைப் பிடித்தான், இவர் தள்ளினார், அவன் பாலத்துத் திட்டில் தலை அடித்து விழுந்தான். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். ஒரு தள்ளு. ஏழு வருஷம். கோர்ட்டில் தீர்ப்புச் சொன்ன அன்றைக்கு எதிர்ப்பக்கம் பெஞ்சில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார், மடியில் துண்டு, துண்டின் மேல் இரண்டு கை. செத்தவனுக்கு மாமனார் என்று யாரோ சொன்னார்கள். அம்மாசி அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தருக்கு மாப்பிள்ளை மண்ணுக்குள், ஒருத்தருக்கு மாப்பிள்ளை மதிலுக்குள். எழுந்து போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது, என்ன சொல்வது, போகவில்லை. அதற்காக இவரைத் தப்புச் செய்யாதவர் என்று அம்மாசி ஒரு நாளும் சொன்னதில்லை. தப்புத்தான். தப்புப் பண்ணியவரைப் பார்க்க வரக் கூடாதா. இவருக்கு அம்மா மட்டும்தான் இருந்தாள், இவர் உள்ளே போன ஆறாம் மாதம் அவளும் போய்ச் சேர்ந்தாள். அண்ணன் ஒருவர் திருப்பூரில் இருக்கிறார், ஒரு தடவை வந்தார், போட்டோ எடுக்க விடுவார்களா என்று கேட்டார். அப்புறம் வேறு யார். அம்மாசி ஒரு கடிதம் எழுதினார். இங்கு நலம். மழை இல்லை. கொய்யா காய்த்திருக்கிறது. முழங்கால் பரவாயில்லை. அம்மாசி. பத்துக் கடிதமும் இந்தத் தினுசுதான், மழை இருக்கும் அல்லது இருக்காது. உள்ளே எல்லாரும் உங்க மாமனார் தந்தி வந்திருக்குடா என்பார்களாம். அதை மாப்பிள்ளை கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து கத்திச் சொல்லிச் சிரித்தார். தந்தி வராத மாதம், மழை பெஞ்சுதா இல்லையான்னு தெரியாமத் தூக்கமே வரலை மாமா என்றார். கேலி செய்கிறார் என்றுதான் அம்மாசி நினைத்தார். கேலி இல்லையோ என்று இப்போது, இந்த வரிசையில், உறவுமுறைக்கு நேராகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது தோன்றுகிறது. இன்னும் நாலு வருஷம். நூறு மனு நாள். நூறு தடவை தலையைச் சீவிக்கொண்டு.

வரிசை நகர்ந்தது. இன்னும் ஏழு பேர். எழுத வேண்டும். நண்பர் என்று எழுதலாம், இந்த வயசில் வெங்காய வண்டிக்காரப் பிள்ளையோடு என்ன நட்பு, சேர்ந்து சினிமாவுக்குப் போனோமா. தெரிந்தவர் என்று எழுதலாம், தெரிந்தவர் என்றால் டீக்கடையில் தலையாட்டுகிற ஆள். அவரு உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்பார்கள். ஊரில் எல்லாரும் அப்படித்தானே கேட்கிறார்கள், என்ன உறவு என்றா கேட்கிறார்கள், என்ன வேணும் என்றுதான். இன்னான் உனக்கு என்ன வேணும். பெரியப்பா மகன் வேணும். பங்காளி வேணும். சர்வீசில் கண்டக்டர்கள் யாரையாவது டிக்கெட் இல்லாமல் ஏற்றிக்கொண்டு வந்து, நமக்கு வேண்டியவர் சார், விட்டுருங்க என்பார்கள். அம்மாசிக்கு அந்தச் சொல்லே ஆகாது. ஒழுங்கை உடைக்கிறவன் எல்லாம் அதைச் சொல்லிக்கொண்டுதான் வருவான், வேண்டியவர், வேண்டியவர். வேண்டியவரா, அப்ப ரெண்டு டிக்கெட் எடு, எனக்கு ஒண்ணு என்பார். முப்பத்தொரு வருஷம் அந்தச் சொல்லைத் துரத்தித் துரத்தி அடித்தார். இன்னும் நான்கு பேர். பேனாவை அழுத்தினார். வேண்டியவர் என்று எழுதினார். எழுத்து சாயாமல் நேராக வந்தது. எழுதின பிறகு பார்த்தால் அதில் பொய் ஒன்றும் இல்லை. கவுன்டரில் இருந்தவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு படித்தார். பெரியவரே, அவர் உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டிருக்கு, வேண்டியவர்னு எழுதியிருக்கீங்க என்றார். ஆமா என்றார் அம்மாசி. போன தடவை மாமனார்னு போட்டிருக்கே. அது போன தடவை. கண்ணாடிக்காரர் தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்தார். இந்த வேலையில் பலதையும் பார்த்தவர் போலிருக்கிறது, மேலே கேட்கவில்லை. பார்க்க வர்றவங்க பட்டியல்ல உங்க பேர் இருக்கு, அது போதும், நண்பர்னு போட்டுக்கிறேன் என்றார். நண்பர் இல்ல என்றார் அம்மாசி. அப்ப என்னன்னுதான் போட. அதான் போட்டிருக்கேனே. பின்னால் ஜைத்தூன் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். முத்திரை விழுந்தது.

உள்ளே கூடம். இந்தப் பக்கம் கம்பி வலை, அந்தப் பக்கம் கம்பி வலை, நடுவில் கை எட்டாத இடைவெளி. ஒரே நேரத்தில் இருபது முப்பது பேர் கத்துவார்கள். வீட்டுக்கு ஓடு மாற்றியது, பிள்ளைக்குக் காது குத்தியது, வக்கீல் வராதது, எல்லாம் கத்தித்தான். இங்கே மெதுவாகச் சொல்கிற விஷயம் என்று எதுவும் கிடையாது. அதுதான் வழி நெடுக அவரை அரித்துக்கொண்டு வந்தது. துறையூரில் முதல் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அடுத்த பஸ் மாறி இவ்வளவு தூரம் வருகிற வரைக்கும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். இனிமே வர முடியாது மாப்பிள்ளை. இல்லை, மாப்பிள்ளை கூடாது. இனிமே வர முடியாதுங்க. முழங்கால் வலி என்று சொல்லலாமா, அது பொய், வலி உண்டு, ஆனால் பொய். மெதுவாகச் சொல்லவே வரவில்லை, இதை எப்படிக் கத்திச் சொல்வது. இனிமே வரமாட்டேன் என்று கத்தினால் சண்டை போடுகிற மாதிரி இருக்குமே, பக்கத்தில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பானே. அந்தப் பக்கக் கதவு திறந்தது. வெள்ளை உடுப்பில் வரிசையாக வந்தார்கள். மூன்றாவதாக இளவழகன். தலை தண்ணீர் தொட்டுச் சீவியிருந்தது. வகிடு நேராக இருந்தது. அம்மாசி அதைப் பார்த்திருக்க வேண்டாம். வலையில் விரலை மாட்டிக்கொண்டு இளவழகன் ஏதோ சொன்னார். சத்தத்தில் கேட்கவில்லை. என்ன என்று அம்மாசி காதைக் காட்டினார்.

"வாங்கய்யான்னு சொன்னேன்."

அய்யா. வெளியூரில் பஸ் விசாரிக்கிறவன் கூப்பிடுகிற அய்யா. கவுன்டர் ஜன்னலில் முப்பத்தொரு வருஷம் கேட்ட அய்யா. அம்மாசி வலையைப் பிடித்தார். துரு கையில் ஒட்டியது. கோர்ட்டில் சம்மதம் என்று சொல்லிவிட்டு வந்து பத்து நாளாக இதை உட்கார்ந்து யோசித்திருக்கிறது இந்தப் பிள்ளை, என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று, அவர் மனுத்தாளில் நின்ற அதே இடத்தில் அங்கே உள்ளே ஒரு சுவர் ஓரமாக நின்றிருக்கிறது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று அம்மாசி ஆரம்பித்தார். பூங்கோதைக்கு நாமக்கல்லில் பார்த்திருப்பதைக் கத்திச் சொன்னார். பக்கத்தில் ஒரு பொம்பளை யாருக்கோ கல்யாணமா என்று திரும்பிப் பார்த்தாள். இளவழகன் முகம் ஒரு நொடி அப்படியே நின்று, பிறகு அசைந்தது. நல்லவரா என்று கேட்டார். விசாரிச்சேன், நல்லவருதான் என்றார் அம்மாசி. நல்லா இருக்கட்டும் என்றார் இளவழகன், சொல்லிவிட்டு விரலை வலையிலிருந்து எடுத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டார். அப்புறம் அம்மாசி வழி நெடுகச் சொல்லிப் பார்த்ததை அந்தப் பக்கமிருந்து இளவழகனே சொன்னார்.

"இனிமே நீங்க வர வேணாங்கய்யா. அந்த வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க. உங்களுக்கும் முறை இல்ல. இவ்வளவு நாள் வந்ததே பெருசு. நான் இருந்துக்குவேன்."

வேலை முடிந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இனி அம்மாசி செய்ய வேண்டியது ஒன்றுதான், ம் என்று சொல்ல வேண்டும். அது அவர் வாயில் எப்போதும் தயாராக இருக்கிற சொல், யோசிக்காமல் வரும், சொல்லிவிட்டுத் திரும்பினால் பன்னிரண்டு மணி பஸ் கிடைக்கும். தொண்டை வரைக்கும் வந்தது. வந்த சொல்லைப் பார்த்தார். அதற்கு அந்தப் பக்கம் இளவழகன் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார், நான் இருந்துக்குவேன் என்று சொன்ன வாய் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது, கழுத்தில் காதுக்குக் கீழே ஒரு புண், சொறிந்து சொறிந்து கருத்துப்போயிருந்தது, சட்டைக் காலரை ஏற்றி அதை மறைத்திருந்தார். எத்தனை நாளாக இருக்கிறது அது. போன தடவை இருந்ததா. போன தடவை அம்மாசி பார்த்திருந்தாலும் என்ன கேட்டிருப்பார், என்னங்க மாப்பிள்ளை கழுத்துல என்று கேட்டிருப்பார், ஒண்ணுமில்ல மாமா என்று பதில் வந்திருக்கும், அதோடு விட்டிருப்பார். மாப்பிள்ளையை அதற்குமேல் கேட்க முடியாது. அதட்ட முடியாது. ஐந்து வருஷமாக அந்த வாங்க போங்கவுக்கு இந்தப் பக்கமே நின்றாகிவிட்டது. இந்தக் கம்பி வலை வந்தது அப்புறம்தான்.

"டேய் இளவழகா."

சத்தம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் மைக் இல்லாமல் மூன்று பிளாட்பாரத்துக்குக் கேட்கிற குரல், ரிட்டயர் ஆன பிறகு வெளியே எடுக்காதது. பக்கத்தில் கத்திக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர் நிறுத்தினார்கள். இளவழகன் நிமிர்ந்தான்.

"யார்ரா அய்யா? கழுத்துல என்னடா அது? காலரை எறக்கு."

அவன் இறக்கினான். வேர்க்குரு என்றான். வேர்க்குரு இப்படிக் கருக்குமா என்று கேட்டார், டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டார், காட்டுகிறேன் என்றான், எப்ப என்று கேட்டார், பார்க்கலாங்க என்றான், என்னடா பார்க்கலாம், இன்னைக்கே போய்க் காட்டு, வெங்காய மூட்டை தூக்கின உடம்புன்னு நெனப்பா, சொறியாத, நகத்தை வெட்டு. அவன் கேட்டுக்கொண்டே நின்றான். சிரிப்பு போய்விட்டது. கண்ணில் தண்ணீர் நின்றது, சிமிட்டினால் விழும் என்று சிமிட்டாமல் நின்றான். அடுத்த மாசம் ரெண்டாந்தேதி வர்றப்ப அது ஆறியிருக்கணும் என்றார் அம்மாசி. நாமக்கல்லில் என்ன சொல்வார்கள் என்று கேட்டான். அது என் பாடு என்றார். உங்களுக்கு எதுக்கு இந்த அலைச்சல் என்றான். வாயை மூடு என்றார். பெயர் சொல்லிக் கூப்பிடுவது இவ்வளவு லேசான வேலை என்று தெரியாமல் போயிற்று, இளவழகா, இளவழகா, நாக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. மணி அடித்தார்கள். உடனே எல்லாரும் ஒரே நேரத்தில் இன்னும் சத்தமாகக் கத்தினார்கள். அவன் ஏதோ கேட்டான், வாய் அசைந்தது, அவர் காதைக் காட்டினார்.

"உங்களை என்னன்னு கூப்பிடட்டும்?"

"என்ன வேணா கூப்பிடு. அய்யான்னு மட்டும் கூப்பிட்ட, தொலைச்சுப்புடுவேன்."

அவன் தலையை ஆட்டினான். கதவுப் பக்கம் போய், திரும்பி, மாமா என்றான், சத்தத்தில் அது கேட்கவில்லை, உதடு இரண்டு தடவை ஒட்டிப் பிரிந்ததில் தெரிந்தது.

வெளியே வந்து பொட்டிக்கடையில் ஒப்படைத்திருந்த போனை வாங்கினார். வெயில் உச்சியில் இருந்தது. ஆறு தடவை வீட்டிலிருந்து வந்திருந்தது. அவர் அழுத்துவதற்குள் மறுபடி அடித்தது. அஞ்சலை என்று நினைத்து எடுத்தால் பூங்கோதை. சொல்லிட்டீங்களாப்பா என்றாள். சொல்லிட்டேன் என்றார். என்ன சொன்னீங்க. அம்மாசி சாலையைக் கடந்து, நிழற்குடையில் நின்றார். அடுத்த மாசம் ரெண்டாந்தேதி வர்றதா சொல்லியிருக்கேன் என்றார். அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது, ஒன்று, இரண்டு. அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார், அவருக்கு இப்போதுதான் பயம் வந்தது, உள்ளே இருந்தபோது வராத பயம். ம் என்று சொல்லியாகிவிட்ட ஒன்றை மாற்றியது இதுதான் முதல் தடவை, அதுவும் இவள் விஷயத்தில்.

"நாமக்கல்காரங்க?"

"நாளைக்கு நானே போறேன். நேர்ல சொல்றேன். பாதியில ஆளை விட்டுட்டு வர்ற அப்பன்கிட்ட யாரு பொண்ணு எடுப்பா, கேட்டுப் பாக்குறேன்."

"வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா?"

"சொல்லலாம்."

சொல்ல மாட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம், ஆறுதலாக இருந்திருக்கும், தெரியாததை எப்படிச் சொல்வது. பஸ் ஒன்று வந்து நின்று, அவர் ஏறாததால் போய்விட்டது. மூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வைத்துவிடுவாள் என்று நினைத்தார். வைக்கவில்லை.

"எளைச்சிருக்காரா?"

"இல்ல. கழுத்துல புண்ணு. சொறிஞ்சு வச்சிருக்கான். டாக்டர்ட்ட காட்டச் சொல்லியிருக்கேன். ரஸ்க்கு உள்ள போயிருச்சு, சாயங்காலம் குடுப்பாங்க அவன்கிட்ட."

"என்னப்பா, அவன் இவன்ங்கறீங்க."

"ம்" என்றார் அம்மாசி.